ரெண்டு மொய் நோட்டு, ஒரு ஜார்: மேவனில் எந்த பிளகினை எடுக்கலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குக் கொஞ்சம் டெக்னிக்கலான எபிசோடு. பயப்படாதீங்க, பஸ்ல நின்னுக்கிட்டே கேட்டாலும் புரியுற மாதிரிதான் பேசப் போறேன். கோடு எதையும் படிச்சுக் காட்ட மாட்டேன்.

ஜாவால புதுசா வேலைக்குச் சேர்ந்த தம்பி தங்கச்சிங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி இது. "அண்ணா, மேவன்ல ஃபேட் ஜார் பண்றதுக்கு மூணு பிளகின் இருக்கு. அசெம்பிளி, ஷேட், ஸ்பிரிங் பூட். எதை எடுக்கணும்? மூணுமே வேலை செய்யுதே?"

அந்த "மூணுமே வேலை செய்யுதே"ங்கிற இடத்துலதான் நானும் மாட்டினேன். மூணுலயும் கடைசியில "பில்ட் சக்சஸ்"னு வரும். மூணுலயும் ஒரு ஜார் கிடைக்கும். வித்தியாசம் அங்க தெரியாது. எங்க தெரியும்ங்கிறதை ரெண்டு ராத்திரி தூக்கத்தைக் கொடுத்துத்தான் கத்துக்கிட்டேன். அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்

அப்போ நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் இருக்கும். ஹடூப்ல இருந்து ஃபைல்களைப் படிச்சு, கணக்குப் போட்டு, டேட்டாபேஸ்ல எழுதுற ஒரு புரோகிராம். ராத்திரி தானா ஓடணும். என் லேப்டாப்புல, எடிட்டருக்குள்ள இருந்து ஓட்டினா பிரமாதமா ஓடுச்சு. சரின்னு ஃபேட் ஜார் பண்ணி சர்வர்ல போட்டேன். பழைய புராஜெக்ட் ஒண்ணுல அசெம்பிளி பிளகின் செட்டிங் இருந்துச்சு. பத்து வரிதான். அப்படியே காப்பி பண்ணி ஒட்டினேன். அது என்ன பண்ணுதுன்னு ஒரு வரிகூடப் படிக்கலை.

சர்வர்ல ஓட்டின உடனே ஒரு எரர். "நோ ஃபைல்சிஸ்டம் ஃபார் ஸ்கீம்: ஹெச்டிஎஃப்எஸ்." அதாவது, ஹெச்டிஎஃப்எஸ்னு ஒரு ஃபைல் சிஸ்டம் இருக்கிறதே எனக்குத் தெரியாதுன்னு ஹடூப் லைப்ரரியே சொல்லுது! சாம்பார் வைக்கிற ஹோட்டல்ல சாம்பார்னா என்னன்னு கேட்ட மாதிரி. நெட்வொர்க்கா, பெர்மிஷனா, வெர்ஷனான்னு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தேடினேன். ஹடூப்போட ஜார் எல்லாம் உள்ளதான் இருக்கு. கிளாஸ் ஃபைலும் இருக்கு.

கடைசியில இன்டர்நெட்டுல ஒரு ஒட்டு கிடைச்சுது. ஹடூப் கான்ஃபிகரேஷன்ல, "ஹெச்டிஎஃப்எஸ்னா இந்த கிளாஸ்"னு நாமளே ஒரு வரி எழுதிக் கொடுத்துடலாம். எழுதினேன், ஓடுச்சு. ஏன் ஓடுச்சுன்னு கேக்காம வீட்டுக்குப் போயிட்டேன்.

மூணு வாரம் கழிச்சு, அதே புரோகிராமுக்கு இன்னொரு டேட்டாபேஸ் சேர்க்கச் சொன்னாங்க. ஏற்கனவே மைஎஸ்க்யூஎல் இருந்துச்சு, இப்போ போஸ்ட்கிரெஸும் வேணும். டிரைவர் சேர்த்தேன், லேப்டாப்புல ஓடுச்சு, சர்வர்ல போட்டேன். "நோ சூட்டபிள் டிரைவர்." பொருத்தமான டிரைவர் இல்லையாம். மறுபடியும் ஜார் உள்ள இருக்கு, கிளாஸ் இருக்கு, ஆனா இல்லைங்குது. அன்னைக்கு ராத்திரி ஓட வேண்டிய ஜாப் ஓடலை. காலையில அந்த ரிப்போர்ட்டுக்காக ஒரு டீமே உக்காந்துட்டு இருந்துச்சு.

எங்க டீம்ல ஒரு சீனியர் அக்கா இருந்தாங்க. என் முகத்தைப் பார்த்துட்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"ஜாரைத் திறந்து பாத்தியாடா?"

"இல்லக்கா. எதுக்குத் திறக்கணும்?"

"அது வெறும் ஸிப் ஃபைல்தானே. திற."

மொய் நோட்டு

அன்னைக்கு அவங்க காட்டினதுதான் இந்த எபிசோடோட மையம்.

ஜார்ங்கிறது ஸிப் ஃபைல்தான். உள்ள கிளாஸ் ஃபைல்கள் இருக்கும், மெட்டா-இன்ஃப்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். நம்ம புரோகிராம் பத்து லைப்ரரியைப் பயன்படுத்துதுன்னா பத்து ஜார். பதினொண்ணாவது நம்மளோடது. சர்வருக்குப் பதினொரு ஃபைலையும் தூக்கிட்டுப் போறது தொல்லைன்னு எல்லாத்தையும் ஒரே ஜாரா ஆக்குறோம். அதுக்குப் பேர்தான் ஃபேட் ஜார், ஊபர் ஜார்னும் சொல்லுவாங்க.

சரி, பத்து ஜாரையும் பிரிச்சு ஒரே ஃபோல்டர்ல கொட்டினா என்ன ஆகும்? கிளாஸ் ஃபைல்களுக்குப் பெரும்பாலும் பிரச்சனை இல்லை, ஏன்னா ஒவ்வொரு லைப்ரரிக்கும் தனித்தனி பேக்கேஜ் பேர் இருக்கு. ஆனா சில ஃபைல்களோட பேர் எல்லா ஜார்லயும் ஒண்ணாவே இருக்கும். இருந்தே ஆகணும். அதுதான் ஜாவாவோட ஏற்பாடு.

மெட்டா-இன்ஃபுக்குள்ள சர்வீசஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். டேட்டாபேஸ் டிரைவரை எடுத்துக்குங்க. மைஎஸ்க்யூஎல் ஜார்ல, அந்த ஃபோல்டர்ல, "ஜாவா டாட் எஸ்க்யூஎல் டாட் டிரைவர்"ங்கிற பேர்ல ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல். உள்ள ஒரே வரி: என்னோட டிரைவர் கிளாஸ் இது. போஸ்ட்கிரெஸ் ஜார்லயும் அதே ஃபோல்டர், அதே ஃபைல் பேர். உள்ள வேற வரி. ரெண்டு ஜாரும் தனித்தனியா இருக்கிற வரைக்கும் ஜாவா ரெண்டு ஃபைலையும் படிச்சு, ரெண்டு டிரைவரையும் தெரிஞ்சுக்கும்.

இப்போ ஒரு கல்யாண மண்டபத்தை நினைச்சுக்குங்க. வாசல்ல ரெண்டு மேசை. ரெண்டுலயும் மொய் எழுதுறாங்க. ரெண்டு நோட்டு அட்டையிலயும் ஒரே மாதிரி "மொய்"னுதான் எழுதியிருக்கு. மண்டபத்தைக் காலி பண்ணும்போது ஒருத்தர், "இது ரெண்டும் ஒண்ணுதானே"ன்னு ஒரு நோட்டை மட்டும் எடுத்துப் பையில வச்சுட்டு இன்னொண்ணை அங்கயே விட்டுட்டார். அன்னைக்கு ராத்திரி யாருக்கும் ஒண்ணும் தெரியாது. கல்யாணம் நல்லாத்தான் முடிஞ்சுது. ஆறு மாசம் கழிச்சு அவங்க வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போதுதான், "நம்மளுக்கு இவங்க எவ்வளவு செஞ்சாங்க?"ன்னு நோட்டைப் புரட்டினா பேரே இருக்காது.

என் ஜார்ல நடந்தது அதேதான். போஸ்ட்கிரெஸ் டிரைவர் உள்ள இருக்கு. அதோட பேர் எழுதின நோட்டு போயிடுச்சு. ஹடூப்புலயும் அதே கதை. லோக்கல் ஃபைல் சிஸ்டத்தோட பேர் ஒரு ஜார்ல இருக்கிற நோட்டுல, ஹெச்டிஎஃப்எஸ்ஸோட பேர் இன்னொரு ஜார்ல இருக்கிற நோட்டுல. ரெண்டு நோட்டுக்கும் ஒரே ஃபைல் பேர். ஒண்ணு மட்டும் தங்குச்சு. நான் வெள்ளிக்கிழமை போட்ட ஒட்டு என்னன்னா, தொலைஞ்ச நோட்டுல இருந்து ஒரே ஒரு பேரை ஞாபகத்துல இருந்து எழுதிச் சேர்த்தது. நோட்டு தொலைஞ்சதை நான் கவனிக்கவே இல்லை.

அதனால ஒரு பேக்கேஜிங் பிளகினைப் பார்த்தா நான் முதல்ல கேக்குற கேள்வி இதுதான்: "ரெண்டு ஜார்ல ஒரே பேர்ல ஒரு ஃபைல் இருந்தா நீ என்ன பண்ணுவே?" மூணு பிளகினையும் இந்த ஒரே கேள்வியை வச்சு விசாரிப்போம்.

முதல் ஆள்: அசெம்பிளி

ஒரு சின்ன விஷயம் சொல்லிடுறேன். மேவன் தனியா எதையும் செய்யாது. கம்பைல் பண்றதே கம்பைலர் பிளகின்தான், டெஸ்ட் ஓட்டுறது ஷ்யூர்ஃபயர் பிளகின். மேவன் ஒரு மேஸ்திரி மாதிரி. எந்தக் கட்டத்துல யார் வேலை செய்யணும்னு கூப்பிட்டு விடும், அவ்வளவுதான். அதனால பிளகின் தேர்வுங்கிறது அலங்காரம் இல்லை, வேலையை யார்கிட்ட ஒப்படைக்கிறோம்ங்கிற முடிவு.

அசெம்பிளி பிளகின் அப்பாச்சியோட மேவன் டீமே வச்சிருக்கிறது. அதோட உண்மையான வேலை, வெளியீட்டுக்கு ஒரு மூட்டை கட்டுறது. ஜாரு, கான்ஃபிக் ஃபைல், ஸ்டார்ட் பண்ற ஸ்கிரிப்டு, ரீட்மீ, எல்லாத்தையும் ஒரு ஸிப்பாவோ டார் ஃபைலாவோ ஆக்கணும்னா இதைவிட நல்ல ஆள் இல்லை. எந்த ஃபைல் எந்த ஃபோல்டருக்குப் போகணும்னு ஒரு டிஸ்கிரிப்டர் எழுதிக் கொடுத்தா சொன்னபடி செய்யும்.

அதுல "ஜார்-வித்-டிபென்டன்சீஸ்"னு ஒரு ரெடிமேட் டிஸ்கிரிப்டர் வருது. நாம எல்லாரும் காப்பி பண்றது அதைத்தான். எல்லா ஜாரையும் பிரிச்சு ஒண்ணா அடைக்கும். அன்னைக்கு எங்ககிட்ட இருந்த வெர்ஷன்ல, ஒரே பேர்ல ரெண்டு சர்வீசஸ் ஃபைல் வந்தா ஒண்ணுதான் தங்குச்சு. எரர் கிடையாது, பில்டும் பச்சை. சர்வீசஸ் ஃபைல்களைச் சேர்க்கிறதுக்குன்னு இந்த பிளகின்லயே ஒரு ஹேண்ட்லர் இருக்கு. நம்ம சொந்த டிஸ்கிரிப்டர்ல அதைக் குறிப்பிட்டா ஒழுங்கா சேர்க்கும். நான் குறிப்பிடலை, ஏன்னா அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. தப்பு என் மேலதான்.

இன்னொரு விஷயம், பேக்கேஜ் பேர்களை மாத்துற வசதி இதுல இல்லை. அது வேணும்னா ஷேட் பக்கம் போகணும்.

ரெண்டாவது ஆள்: ஷேட்

ஷேடும் அப்பாச்சி மேவன் டீமோடதுதான். இதுவும் எல்லாத்தையும் பிரிச்சு ஒண்ணாக் கொட்டும். ஆனா கொட்டும்போது ஒவ்வொரு ஃபைலையும் என்ன பண்ணணும்னு நாம சொல்லலாம். அதுக்கு டிரான்ஸ்ஃபார்மர்னு பேர். சர்வீசஸ் ஃபைல்களுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. ரெண்டு மொய் நோட்டையும் ஒரே நோட்டா எழுதிடும். ஸ்பிரிங்கோட பழைய ஹேண்ட்லர் ஃபைல்களுக்கு, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணை ஒட்டுற டிரான்ஸ்ஃபார்மர். லைசன்ஸ், நோட்டீஸ் ஃபைல்களுக்கும் தனியா இருக்கு.

இங்க ஒரு எச்சரிக்கை. நிறைய பேர் "ஷேடுக்கு மாத்திட்டேன், பிரச்சனை தீர்ந்துச்சு"ன்னு நினைப்பாங்க. சர்வீசஸ் டிரான்ஸ்ஃபார்மரை நாமதான் எழுதிச் சேர்க்கணும். அது இல்லாம வெறும் ஷேட் போட்டா நோட்டு மறுபடியும் தொலையும். ஷேட் ஒரு நல்ல காரியம் பண்ணும்: எந்தெந்த ஜார்ல ஒரே பேர் ஃபைல்கள் இருக்குன்னு பில்ட் ஓடும்போது வார்னிங் போடும். நாம அந்த மஞ்சள் வரிகளைப் பார்க்காம கீழ ஸ்க்ரோல் பண்ணிப் போயிடுவோம். இனிமே ஒரு தடவை நின்னு படிங்க.

எல்லா ஃபைலையும் வால்ல ஒட்டிடவும் முடியாது. லாக்4ஜே 2ல அதோட பிளகின் பட்டியல் ஒரு பைனரி ஃபைல்ல இருக்கும். ரெண்டு பைனரியை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ஒட்டினா குப்பைதான் வரும். அதுக்குன்னே எழுதின தனி டிரான்ஸ்ஃபார்மர் வேணும்.

ஷேடோட பெரிய பலம் ரீலொகேஷன். உங்க கிளாஸ்ல ரெண்டு செந்தில் இருந்தா டீச்சர் என்ன பண்ணுவாங்க? இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவாங்க. எஸ். செந்தில், கே. செந்தில். ரீலொகேஷன் அதைத்தான் பண்ணுது. நீங்க எழுதுற லைப்ரரிக்கு குவாவாவோட ஒரு வெர்ஷன் வேணும், அதைப் பயன்படுத்துறவங்க புரோகிராமுக்கு வேற வெர்ஷன் வேணும்னு வச்சுக்குங்க. ஷேட், உங்க ஜாருக்குள்ள இருக்கிற குவாவாவோட பேக்கேஜ் பேருக்கு முன்னாடி உங்க இனிஷியலைப் போட்டு, அதைக் கூப்பிடுற உங்க கோடையும் பைட்கோடு அளவுல மாத்திடும். அப்புறம் ரெண்டு வெர்ஷனும் சண்டை இல்லாம ஒரே வீட்டுல இருக்கும். ஓடும்போது துண்டு துண்டா ஒட்டி உருவாக்குற கிளாஸ் பேரை மட்டும் ஷேடால கண்டுபிடிக்க முடியாது. அந்த மாதிரி லைப்ரரியில ரீலொகேஷன் பண்ணினா கவனமா டெஸ்ட் பண்ணணும்.

ஷேட்ல இன்னொரு குழி, கையெழுத்துப் போட்ட ஜார்கள். சில ஜார்களுக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் இருக்கும், பவுன்ஸி காஸில் மாதிரி. அந்த சிக்னேச்சர் ஃபைல்களும் சேர்ந்து உங்க ஃபேட் ஜாருக்குள்ள வந்துடும். ஆனா உள்ளடக்கம் மாறிப்போச்சே, கையெழுத்து பொருந்தாது. ஓட்டினா "இன்வாலிட் சிக்னேச்சர் ஃபைல் டைஜஸ்ட்"னு ஜாவா மறுத்துடும். வழக்கமான தீர்வு, மெட்டா-இன்ஃப்ல இருக்கிற எஸ்எஃப், ஆர்எஸ்ஏ, டிஎஸ்ஏ ஃபைல்களை ஃபில்டர் போட்டு நீக்குறது. பத்திரத்துல இருக்கிற கையெழுத்தைக் கிழிச்சு எடுக்கிறோம்ங்கிற ஞாபகத்தோட அதைச் செய்யுங்க. என்கிரிப்ஷன் கொடுக்கிற லைப்ரரியோட கையெழுத்தைச் சரிபார்க்கிற ஜாவா வெர்ஷன்கள் இருக்கு. அங்க கையெழுத்தைக் கிழிச்சா அந்த லைப்ரரியை உள்ளயே விடாது.

மூணாவது ஆள்: ஸ்பிரிங் பூட்

ஸ்பிரிங் பூட்டோட மேவன் பிளகின் நம்ம கேள்விக்கு வேற மாதிரி பதில் சொல்லுது. "நான் பிரிக்கவே மாட்டேன்."

அடுக்கு டிபன் கேரியர் மாதிரி. சாதம் ஒரு கிண்ணத்துல, குழம்பு ஒரு கிண்ணத்துல, பொரியல் ஒரு கிண்ணத்துல. தூக்குற கைப்பிடி மட்டும் ஒண்ணு. இந்த பிளகின் பண்ற ஜாரைத் திறந்து பார்த்தா பூட்-இன்ஃப்னு ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள லிப் ஃபோல்டர்ல ஒவ்வொரு லைப்ரரியும் முழு ஜாரா அப்படியே உக்காந்திருக்கும். உங்க கோடு தனியா கிளாசஸ் ஃபோல்டர்ல. எதுவும் எதோடயும் கலக்கலை, அதனால மொய் நோட்டு தொலையுற பேச்சே இல்லை.

இதுக்கும் விலை இருக்கு. சாதாரண ஜாவாவுக்கு ஜாருக்குள்ள இருக்கிற ஜாரைப் படிக்கத் தெரியாது. அதனால ஸ்பிரிங் பூட் தன்னோட சொந்த லோடரை முன்னாடி வைக்கும். அதுதான் முதல்ல எழுந்து, உள்ள இருக்கிற ஜார்களைத் திறந்து, அப்புறம் உங்க புரோகிராமைக் கூப்பிடும். சில லைப்ரரிகள் தன்னை ஒரு நிஜ ஃபைலா டிஸ்க்குல எதிர்பார்க்கும், ஜேரூபி அப்படித்தான். அந்த மாதிரி லைப்ரரியை ஓடும்போது வெளிய எடுத்து வைக்கச் சொல்லி செட்டிங்ல குறிப்பிடணும்.

இன்னும் ரெண்டு முக்கியமான விஷயம். ஒண்ணு, இப்படிப் பண்ணின ஜாரை இன்னொரு புராஜெக்ட்டுக்கு லைப்ரரியாக் கொடுக்க முடியாது. உங்க கிளாஸ்கள் பூட்-இன்ஃபுக்குள்ள போயிடுச்சு, வெளியில இருந்து பார்த்தா தெரியாது. ரெண்டும் வேணும்னா கிளாசிஃபையர் போட்டுத் தனித்தனி ஜாரா எடுக்கணும். ரெண்டு, உங்க ஜாரை ஓட்டுறது வேற யாராவதுன்னா, உதாரணமா ஸ்பார்க்குக்கு ஜாப் அனுப்புறீங்கன்னா, ஸ்பார்க் உங்க ஜாரைச் சாதாரண ஜாராத்தான் திறக்கும். டிபன் கேரியரைத் திறக்க அதுக்குத் தெரியாது. அங்க ஷேட்தான் வழி.

உள்ள என்ன இருக்குன்னு நாளைக்குத் தெரியுமா?

இதுவரைக்கும் ஒரே கேள்வி. இப்போ ரெண்டாவது கேள்வி: "ரெண்டு வருஷம் கழிச்சு இந்த ஜாரைப் பார்க்கிறவனுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

2021 டிசம்பர் ஞாபகம் இருக்கா? லாக்4ஜே ஓட்டை. லாக்4ஷெல்னு பேர் வச்சாங்க. உலகம் முழுக்க எல்லா டீமும் ஒரே நாள்ல ஒரே கேள்வி கேட்டுச்சு: நம்மகிட்ட எங்கெல்லாம் லாக்4ஜே இருக்கு? ஸ்பிரிங் பூட் ஜார்னா, லிப் ஃபோல்டர்ல லாக்4ஜே-கோர்னு பேரும் வெர்ஷன் நம்பரும் பளிச்சுன்னு இருக்கும். ஒரு லிஸ்ட் எடுத்தாப் போதும். பிரிச்சுக் கொட்டின ஜார்ல அந்த ஃபைல் பேரே இருக்காது. வெறும் கிளாஸ்கள்தான். ரீலொகேட் வேற பண்ணியிருந்தா பேக்கேஜ் பேரும் மாறியிருக்கும். ஃபைல் பேரை மட்டும் பார்க்கிற ஸ்கேனர் "ஒண்ணும் இல்லை"ன்னு சொல்லிட்டுப் போயிடும். மெட்டா-இன்ஃபுக்குள்ள மேவன்ங்கிற ஃபோல்டர்ல ஒவ்வொரு லைப்ரரியோட வெர்ஷன் தகவலும் சாதாரணமா இருக்கும். சைஸ் குறையட்டும்னு அதையும் நீக்குறவங்க உண்டு. ஒரு சில கேபிக்காக அடையாள அட்டையைக் கிழிச்சுப் போட்ட மாதிரி. தயவுசெஞ்சு அதை விட்டு வைங்க.

இதே வரிசையில லைசன்ஸ். ஓப்பன் சோர்ஸ்னா இலவசம்னு நினைக்கிறோம், ஆனா நிபந்தனை உண்டு. அப்பாச்சி லைசன்ஸ் 2.0ல இருக்கிற ஒரு லைப்ரரி நோட்டீஸ் ஃபைலோட வந்தா, நீங்க அதை விநியோகிக்கும்போது அந்த நோட்டீஸ் விவரத்தையும் கூடவே கொடுக்கணும். எம்ஐடி லைசன்ஸ்லயும் காப்பிரைட் வரியை வச்சிருக்கணும். பத்து ஜார்ல பத்து நோட்டீஸ் ஃபைல், எல்லாத்துக்கும் ஒரே பேர். பிரிச்சுக் கொட்டினா எத்தனை தங்கும்? அதே மொய் நோட்டுக் கதை. சர்வீசஸ் ஃபைல் போனா எரராவது வரும். நோட்டீஸ் போனா எரரே வராது. யாரோ சம்பளம் இல்லாம ராத்திரி உக்காந்து எழுதின கோடு அது, அவங்க கேட்ட ஒரே கூலி அந்தப் பேர்தான். உங்க ஜார் கஸ்டமர் கைக்குப் போகுதுன்னா ஷேடோட லைசன்ஸ், நோட்டீஸ் டிரான்ஸ்ஃபார்மர்களைக் கண்டிப்பா சேருங்க.

கிரேடில் ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை

கிரேடில் பயன்படுத்துறவங்க ஷேடோ பிளகினைப் பார்த்திருப்பீங்க. ஷேட் பண்ற வேலையை கிரேடில்ல பண்றது. அதுலயும் சர்வீசஸ் ஃபைல்களைச் சேர்க்கணும்னு நாமதான் ஒரு வரி எழுதிச் சொல்லணும். 2024ல இந்த புராஜெக்ட் கிரேடில்அப்ங்கிற கூட்டமைப்போட கைக்கு மாறி, பிளகினோட ஐடியும் மாறிடுச்சு. பழைய ஐடியோட இருக்கிற பில்ட் உடையாது, ஆனா புது வெர்ஷன்கள் அந்த ஐடிக்கு வராது. பழைய செட்டிங்கைக் காப்பி பண்றவங்களுக்கு இது தெரியவே தெரியாது. அதனால பிளகின் எடுக்கும்போது யார் பராமரிக்கிறாங்க, கடைசி ரிலீஸ் எப்போன்னு ரெண்டு நிமிஷம் பாருங்க.

சரி, நான் என்ன பண்றேன்?

என்னோட வழக்கத்தைச் சொல்றேன். உங்க சூழ்நிலைக்குத் தகுந்த மாதிரி மாத்திக்குங்க.

சர்வர்ல தானா ஓடுற அப்ளிகேஷன்னா ஸ்பிரிங் பூட் பிளகின். டாக்கர் இமேஜ் பண்றீங்கன்னா 2.3 வெர்ஷன்ல இருந்து லேயர் வசதியும் இருக்கு. லைப்ரரிகள் ஒரு லேயர், நம்ம கோடு ஒரு லேயர். கோடு மட்டும் மாறினா அந்தச் சின்ன லேயர் மட்டும் மாறும்.

ஸ்பார்க் மாதிரி வேற ஒருத்தர் ஓட்டுற ஜார், அல்லது மத்தவங்க பயன்படுத்துற லைப்ரரின்னா ஷேட். சர்வீசஸ் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம ஷேட் போடவே மாட்டேன். ரீலொகேஷன் தேவைப்பட்டா மட்டும்.

ஸ்கிரிப்டு, கான்ஃபிக் எல்லாம் சேர்த்து ஒரு மூட்டையாக் கொடுக்கணும்னா அசெம்பிளி. அதுலயும் ஜார்களைப் பிரிக்காம, லிப்னு ஒரு ஃபோல்டர்ல அப்படியே வச்சு ஸிப் பண்ணுவேன். இதைச் சொன்னா சில பேர் சிரிப்பாங்க, "அப்போ ஃபேட் ஜாரே வேணாமா?"ன்னு. ஆமா, நிறைய இடத்துல வேணாம். கன்டெய்னர்லதான் ஓடப்போகுதுன்னா, கூகுளோட ஜிப் பிளகின் ஃபேட் ஜாரே பண்ணாம நேரா இமேஜ் கட்டிக் கொடுக்கும். ஒரே ஃபைலா இருக்கணும்ங்கிற கட்டாயம் உண்மையிலேயே இருக்கான்னு முதல்ல கேட்டுக்குங்க.

எந்த பிளகின் எடுத்தாலும் ரெண்டு பழக்கம். முதல் பழக்கம், ஜாரைத் திறந்து பாருங்க. அன்ஸிப் கமாண்டுக்கு மைனஸ் பி போட்டு, ஜார் பேரும், உள்ள இருக்கிற டிரைவர் சர்வீசஸ் ஃபைலோட பேரும் கொடுத்தா, அதுல எத்தனை வரி இருக்குன்னு திரையிலயே தெரியும். ரெண்டு டிரைவர் சேர்த்திருந்தா ரெண்டு பேரும் அதுல இருக்கணும். கணக்கு நேரலைன்னா அங்கயே பிடிச்சுடலாம். ரெண்டாவது பழக்கம், சிஐல கட்டி முடிச்ச ஜாரையே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. யூனிட் டெஸ்ட் எல்லாம் ஜார் ஆகுறதுக்கு முன்னாடி, லைப்ரரிகள் தனித்தனியா இருக்கும்போது ஓடுது. என்னோட ரெண்டு எரரும் லேப்டாப்புல வராததுக்கு அதுதான் காரணம். நான் டெஸ்ட் பண்ணினது ஒண்ணு, அனுப்பினது வேற ஒண்ணு.

அன்னைக்கு ராத்திரி என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டுட்டேனே. அக்கா ஷேடுக்கு மாத்தி, டிரான்ஸ்ஃபார்மர் சேர்த்து, மறுபடி கட்டினாங்க. அரை மணி நேரம்கூட ஆகலை. அப்புறம் என் வெள்ளிக்கிழமை ஒட்டைக் காட்டி, "இந்த வரி எதுக்குடா இருக்கு?"ன்னு கேட்டாங்க. "அது இல்லன்னா ஓடாதுக்கா"ன்னேன். அழிச்சுட்டு ஓட்டச் சொன்னாங்க. ஓடுச்சு.

அடுத்த நாள் காலையில ரிப்போர்ட் போயிடுச்சு, லேட்டாத்தான். அந்த டீம்கிட்ட நானே போய் நடந்ததைச் சொன்னேன். "பிளகின் சொதப்பிடுச்சு"ன்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு. ஆனா அந்த பிளகினோட டாக்குமென்ட் திறந்து கிடந்துச்சு, சோர்ஸ் கோடும் திறந்து கிடந்துச்சு. திறந்து பார்க்காதது நான்தான்.

இன்னைக்கு இவ்வளவுதான் மக்களே. ஆபீஸ் போனதும் உங்க ஜாரை ஒரு தடவை திறந்து, சர்வீசஸ் ஃபோல்டரைப் பாருங்க. ஏதாவது தொலைஞ்சிருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசலாம். வர்றேன்.